பரணில் கிடந்த அமியோ 143

பழைய பிளாஸ்டிக் கிட் வாங்கிக் குட்டி விமானங்கள் கட்டுகிறவர்கள் எல்லோரிடமும் மறக்க முடியாத பெட்டி ஒன்று இருக்கும். எனக்கு அது அமியோ 143 என்ற பழைய பிரெஞ்சு குண்டுவீச்சு விமானம்.

பாரிஸுக்கு வெளியே நான் குடியிருக்கும் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுப் பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்பார்கள். போன தடவை ஒரு பெரியவர் விரித்திருந்த போர்வையில், காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே ஹெல்லர் என்ற பிரெஞ்சு கிட் கம்பெனி போட்ட அதன் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். 72-இல் ஒரு பங்கு அளவு. "சின்ன வயதில் ஆரம்பித்தேன். ராணுவச் சேவைக்குக் கூப்பிட்டார்கள், அப்படியே பரணில் போய்விட்டது" என்றார். எட்டு யூரோ கொடுத்து வாங்கிவந்தேன். வீட்டில் திறந்தால் துண்டுகள் எல்லாம் வார்ப்புச் சட்டத்தோடு அப்படியே இருந்தன. ஒரு எஞ்சினை மட்டும் ஒட்டியிருந்தார். அதன் உறைமேல் பசை உருகி, ஒரு விரல்ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. உப்புத்தாளை எடுத்தேன், அழிக்க மனம் வரவில்லை. இன்றும் அந்த ரேகை இடது எஞ்சினில் பெயின்டுக்கு அடியில் இருக்கிறது.

இந்த விமானத்தை அசிங்கம் என்று பலர் சொல்வார்கள். கட்டிப் பார்க்காதவர்கள் சொல்வது அது. 1928-இல் பிரெஞ்சு விமானப்படை கேட்டது குண்டு போட, வேவு பார்க்க, மற்ற விமானங்களுக்குத் துணை போக, மூன்றுக்கும் ஒரே விமானம். அதனால் மூக்கிலும் முதுகிலும் துப்பாக்கி மேடை, உடம்புக்குக் கீழே கண்ணாடி போட்ட இன்னொரு தளம், மடங்காத கால்கள், சக்கரங்களை மூடிய ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள உறைகள். இறக்கை அவ்வளவு தடிமன் ஏன் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. பறக்கும்போதே ஒருவர் அதற்குள் நுழைந்து எஞ்சின் வரை போகலாமாம். இறக்கையின் இரண்டு பாதியையும் கையில் வைத்துச் சேர்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய இடம் என்று உறைத்தது.

முதல் மாதிரி பறந்தது 1931-இல், படையில் சேர்ந்தது 1935-இல். அதற்குள் உலகம் மாறிவிட்டது. மணிக்கு 310 கிலோமீட்டர் போகும் இந்த விமானங்களை 1940 மே 14 அன்று பட்டப்பகலில் வடகிழக்கு பிரான்ஸின் செதான் பக்கம், ஜெர்மன் படை கடந்துகொண்டிருந்த மியூஸ் ஆற்றுப் பாலங்களைத் தாக்க அனுப்பினார்கள். போனவர்களில் சிலர் திரும்பவில்லை. கட்டியவை 138. முழு விமானமாக ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. பாரிஸ் பக்கத்து லு புர்ஜே விமான அருங்காட்சியகத்துக்குப் போனால், 1930-இல் கோஸ்த், பெலோந்த் என்ற இரண்டு பிரெஞ்சு விமானிகள் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் ஓட்டிப்போன சிவப்பு பிரெகே விமானத்தின் எதிரில் நிற்கலாம். அமியோவுக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. அதைச் சுற்றிவந்து பார்க்க வேண்டுமானால் இப்படி ஒரு பெட்டியைத் திறந்து கட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து பிரெஞ்சு விமானங்களை விடாமல் வரிசையாக வார்த்ததற்காகவே ஹெல்லர்மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, வேலைக்கு வருகிறேன். பரண் சூட்டில் ஒரு இறக்கை வளைந்திருந்தது. கை பொறுக்கும் வெந்நீரில் முக்கி, மெதுவாக நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீர். மூன்று தடவையில் நேரானது. உடம்பின் இணைப்பில் புட்டி போட்டுத் தேய்த்தபோது, அந்தக் காலத்து வார்ப்பின் புடைத்த தகட்டுக் கோடுகள் சில அழிந்துபோயின. அவற்றைத் திரும்பக் கொண்டுவர, காலிச் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்து உருட்ட வேண்டும். பளபளத்துத் தொய்யும் நொடியில் தீயை விட்டு விலக்கி இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி போல நூல் வரும். அதை வெட்டி வைத்து, தூரிகை நுனியில் ஒரு சொட்டு திரவப் பசை தொட்டால் கோடு திரும்ப வந்துவிடும்.

உண்மையான சோதனை ஜன்னல்கள்தான். முதல் ஜன்னலைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை படிந்திருந்தது. வயிறு பிசைந்தது, ஏனென்றால் மாற்றுத் துண்டு எங்கும் கிடைக்காது. கழற்றி, மிக நைசான உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றி, தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷில் முக்கி எடுத்துக் காயவிட்டேன். தெளிந்துவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசைதான். அது காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது, வழிந்தாலும் ஈரத்துணியில் துடைத்துவிடலாம்.

டீக்கால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும் உள்ள தாள், பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஈரம் படாத உறையில் போட்டு வெயில் விழும் ஜன்னலில் பத்து நாள் ஒட்டிவைத்தேன், மஞ்சள் போனது. ஆனாலும் வேண்டாத எழுத்து ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததும் சில்லு சில்லாக உடைந்தது. தாள் முழுக்க வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்த பிறகே மற்றவற்றில் கை வைத்தேன். வால் பட்டைகளுக்கு மட்டும் டீக்காலை நம்பாமல் பெயின்ட் அடித்துவிட்டேன். கீல் பக்கம் நீலம், நடுவில் வெள்ளை, பின் ஓரத்தில் சிவப்பு. வட்டச் சின்னத்திலும் நடுவில் நீலம்தான் வரும். பிரிட்டிஷ் விமானம் கட்டிப் பழகிய கை இங்கே சிவப்பை நடுவில் வைத்துவிடும், கவனம். உடம்புக்கு முழுக்கச் சாக்லெட் பழுப்பு. போருக்கு முந்தைய இரவுக் குண்டுவீச்சு விமானங்களுக்கு அந்த நிறம் ஒரு கம்பீரம் தரும்.

முடிந்தபோது இறக்கை முனைக்கு முனை 34 சென்டிமீட்டர். இந்த வருடச் சந்தைக்கு அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப்போனேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கீழ்த்தள ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். எந்த எஞ்சின் தன்னுடையது என்று நான் சொல்லாமலே கேட்டார். இடது பக்கம் காட்டினேன்.

இப்போது மேஜையில் இருப்பது பொத்தேஸ் 540 என்ற இன்னொரு பிரெஞ்சு விமானம், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பறந்தது. இறக்கைத் தாங்குகம்பிகள் இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன. கட்டி முடித்தவர்கள் இருந்தால், எஞ்சின் கூடுகளை முதலில் ஒட்டினீர்களா, கம்பிகளையா என்று சொல்லுங்கள்.