ஜெல்லில் ஒரே பட்டை தெரிந்தால் ஆன்டிஜென் தூய்மையாகிவிட்டதா?

கேள்வி:
காசநோய்க் கிருமியின் புரதம் ஒன்றை, ஆன்டிஜெனாக (உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் பொருளாக) ஆராய, ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாக்கி, அதில் இணைத்த ஹிஸ்டிடின் வாலைக் கொண்டு, அந்த வாலைப் பற்றிக்கொள்ளும் நிக்கல் குழாயில் (column) பிரித்தெடுத்திருக்கிறேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டைதான் தெரிகிறது. சுண்டெலியின் மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் எதிர்ப்புச் செல்களில்) சேர்த்தால், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா ஏராளமாகச் சுரக்கிறது. பாக்டீரிய நச்சான எண்டோடாக்சினைத் தடுக்கும் பாலிமிக்சின் பி மருந்தைச் சேர்த்தபோது சுரப்பு பாதியாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எஞ்சிய பாதியைப் புரதத்தின் செயலாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
இப்போதைக்குக் கொள்ள வேண்டாம். நீங்கள் ஜெல்லுக்கு இடும் கூமாசி நீலச் சாயம் புரதத்தை மட்டுமே காட்டும், ஈ. கோலையின் வெளிச்சவ்விலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் லிப்போபாலிசாக்கரைடு (எண்டோடாக்சின் என்பதும் இதுவே) அதில் தெரியாது. மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் இருந்தாலே மேக்ரோஃபேஜ்கள் விழித்துக்கொள்ளும். மனித ஹெச்எஸ்பி60 புரதமே டிஎன்எஃப் சுரப்பைத் தூண்டுகிறது என்று முன்பு நம்பப்பட்டது; எண்டோடாக்சினை நீக்கிய பிறகு சோதித்தபோது அந்தத் திறன் காணாமல் போனது.

புரதம் நிக்கல் குழாயில் பிணைந்திருக்கும்போதே, டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு போன்ற பொருள் கலந்த குளிர்ந்த கரைசலால் பலமுறை கழுவுங்கள்; பிறகு டிரைட்டான் இல்லாத கரைசலால் நன்றாகக் கழுவிவிட்டு, எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையில் அதன் அளவைப் பாருங்கள். அந்த அளவு தெரியாமல் செல்களைத் தொடுவதில் பொருளில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பாலிமிக்சின் பி, லிப்போபாலிசாக்கரைடின் லிப்பிட் ஏ பகுதியோடுதான் பிணையும். செல்லின் மேலுள்ள டிஎல்ஆர்2 என்ற உணர்வி வழியாகத் தூண்டும் பாக்டீரியா லிப்போபுரதங்களை அது தடுக்காது. எஞ்சிய பாதி அவற்றால் வந்திருக்கலாம். லிப்போபாலிசாக்கரைடு மிகுதியாக இருந்து மருந்து போதாமலும் போயிருக்கலாம். புரதத்தின் ஜீன் இல்லாத வெற்று பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) தாங்கிய ஈ. கோலையையும் இதே முறையில் உடைத்து, இதே நிக்கல் குழாயில் ஓட்டி, கிடைக்கும் கரைசலைச் செல்களில் சேர்த்துப் பாருங்கள். என் கணிப்பில் இதைவிட நேர்மையான கட்டுப்பாட்டுச் சோதனை இல்லை.

கேள்வி கேட்டவர்:
லிப்போபாலிசாக்கரைடை உணரும் டிஎல்ஆர்4 செயல்படாத சி3ஹெச்/ஹெச்ஈஜே வகைச் சுண்டெலிகள் எங்களிடம் உள்ளன. அவற்றின் செல்களில் சோதித்தால் போதுமா?

மறுமொழி 3:
லிப்போபாலிசாக்கரைடு பற்றிய ஐயம் தீரும். லிப்போபுரதம் பற்றியது தீராது. அதைவிட முக்கியமாக, மேக்ரோஃபேஜின் சுரப்பு, எந்தக் கிருமி என்று நினைவு வைக்காத உள்ளார்ந்த எதிர்ப்பைத்தான் காட்டும். ஆன்டிஜென் என்ற நிலையில் இந்தப் புரதத்தின் பங்கை அறிய வேண்டுமானால் முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைக்கும் டி செல்களைச் சோதிக்க வேண்டும். 1930-களில் ஃபுளோரன்ஸ் சீபர்ட் தூய்மைப்படுத்திய பிபிடி (காசநோய்த் தோல் சோதனைக்கான பொருள்) பல புரதங்களின் கலவை என்பதால், பிசிஜி தடுப்பூசி போட்டவர்களுக்கும் தோல் சோதனையில் தடிப்பு வரலாம். பிசிஜியில் இல்லாத ஆர்டி1 என்ற மரபணுப் பகுதியைச் சேர்ந்த ஈசாட்-6, சிஎஃப்பி-10 ஆகிய புரதங்களைத் தனியே பயன்படுத்தியபோதுதான், தடுப்பூசியால் வந்த நினைவையும் தொற்றால் வந்த நினைவையும் இரத்தச் சோதனையில் பிரித்தறிய முடிந்தது.

ஆகவே, தொற்றுள்ள சுண்டெலி, தொற்றில்லாத சுண்டெலி இரண்டின் மண்ணீரல் செல்களிலும் புரதத்தைச் சேர்த்து, நினைவுள்ள டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமாவை அளந்து ஒப்பிடுங்கள். எண்டோடாக்சினை அகற்றாமல் இதையும் தொடங்க வேண்டாம். அது ஐஎல்-12 என்ற சமிக்ஞைப் புரதம் வழியாக, உள்ளார்ந்த எதிர்ப்பைச் சேர்ந்த என்கே செல்களைத் தூண்டி, அதே இன்டர்ஃபெரானைச் சுரக்க வைத்துவிடும்.