புதுப்பிப்பு: லேப்டாப்பில் அழித்தாலும் திரும்பி வந்த கண்காணிப்பு மென்பொருள்

புது லேப்டாப்பில் நான் நிறுவாத திருட்டுத் தடுப்பு மென்பொருள் ஒன்று ஓடுகிறது, டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டாலும் திரும்ப வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தேன் இல்லையா, காரணம் தெரிந்துவிட்டது. அதன் வேர் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் பயாஸ் (கணினியை முதலில் தொடங்கி வைக்கும் அடிப்படை நிரல்) சிப்பில் இருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போது அங்கிருந்து ஒரு சின்ன நிரல் இறங்கி, மீதியை இணையத்தில் இருந்து வரவழைத்துக்கொள்கிறது. பயாஸ் அமைப்பில் அதை நிரந்தரமாக முடக்கிவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவினேன், இதுவரை வரவில்லை.

திருடு போனால் உதவும், சரி. ஆனால் என்னைக் கேட்காமல் இயக்கி வைத்தது தவறுதான். 2018-இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த லோஜாக்ஸ் என்ற தீங்கு நிரல், லோஜாக் என்ற இதே வகை மென்பொருளைத் திருத்தி உளவுக்குப் பயன்படுத்தியது. உங்கள் பயாஸ் அமைப்பையும் ஒருமுறை திறந்து, இப்படி ஏதாவது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.