புதுப்பிப்பு: அப்பாவின் பீடி, மூன்று மாதம் கழித்து

தினம் ஒரு கட்டு பீடி குடிக்கும் அப்பாவை எப்படி நிறுத்த வைப்பது, கட்டை ஒளித்து வைத்தால் சண்டை வருகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். ஒளிப்பதை விடச் சொன்னவர்களுக்கு நன்றி. விட்டேன். புகையிலையை விட உதவும் 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் அவரையே பேசவைத்தோம். நிறுத்தும் தேதியை அவரே குறித்தார்.

எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைப்பவர் என்பதால் டாக்டர் 4 மில்லிகிராம் நிகோடின் கம் (பீடி ஏக்கத்தைத் தணிக்கும் மெல்லும் மருந்து) எழுதிக்கொடுத்தார். அதைச் சூயிங்கம் மாதிரி மென்று தள்ளியதில் விக்கல், நெஞ்செரிச்சல். "இதுக்கு பீடியே தேவலை" என்றார். அப்புறம்தான் முறை பிடிபட்டது: காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்தால் கம் போட 15 நிமிடம் பொறுக்க வேண்டும். டீயும் பீடியும் ஒன்றாகவே பழகியவருக்கு அந்தக் கால் மணி நேரம்தான் பெரும்பாடு. கை சும்மா இருக்கக் கூடாதென்று பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டார். இன்னும் பூட்டவில்லை.

முதல் வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். 38ஆம் நாள் ஒரு துக்க வீட்டில் நான்கு பீடி. அவரே வந்து சொன்னார். எனக்கு வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். மறுநாள் மறுபடி கம்.

அதன்பின் பீடி இல்லை. கம் நாளுக்குப் பத்திலிருந்து நான்காகியிருக்கிறது. காலை இருமல் முழுதாகப் போகவில்லை. ஆனால் நேற்று, குழம்பில் உப்பு அதிகம் என்று அம்மாவிடம் புகார் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் முறை!