பார்சி மொழிபெயர்ப்பாளர் எங்கே பிடிப்பது? (சுங்கை சிப்புட்)

கிராணி_சிப்புட்:
எங்கள் பேக்டரிக்கு ஈரான் பொறியாளர் ஒருவர் வந்திருக்கிறார். மனைவி விசாவுக்குக் குடும்பப் பத்திரங்களை ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். மனைவிக்குக் கிளினிக்கில் பேசவும் ஆள் வேண்டும். ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) படிக்கும் பக்கத்து உஸ்தாஸ் (சமய ஆசிரியர்) போதுமா?

பழைய_ஜுருபஹாசா:
போதாதுங்க. உஸ்தாஸ் எழுத்துக்கூட்டுவார், பொருள் தெரியாது. ப எழுத்திலேயே சறுக்கும்: பார்சியில் மூன்று புள்ளி கீழே, ஜாவியில் மேலே.

பத்திரத்தை வாங்கப்போகிற அலுவலகத்திடம் யாருடைய முத்திரை செல்லும் என்று முதலில் கேளுங்கள். மொழிபெயர்த்த பிறகு கேட்டால் இரண்டு செலவு. கோலாலம்பூரில் ஐடிபிஎம்மிடம் (மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம்) விசாரியுங்கள், ஈரான் தூதரகத்தில் பட்டியல் கேளுங்கள். அவருடைய சொந்தக்காரர் ஈரானில் இருந்தால் இன்னொரு வழி உண்டு: நீதித்துறை உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, நீதி அமைச்சு முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சு முத்திரை. வரிசை மாறக்கூடாது.

ஆப்கானிஸ்தான்காரராக இருந்தால் தாரி (அந்த ஊர்ப் பார்சி) தெரிந்தவரைக் கேட்கணும். எழுத்து ஒன்றுதான், அலுவலகச் சொற்கள் வேறே.

மூன்றாம்_மைல்:
தேதியைச் சரிபாருங்கள். ஈரான் ஆண்டு மார்ச் 21 வாக்கில் பிறக்கும். 1370, முதல் மாதம் 11 என்றால் 31 மார்ச் 1991. 621 கூட்டினால் சரி. அதே 1370-இல் பத்தாம் மாதம் 15 என்றால் 5 ஜனவரி 1992, இங்கே 622. கண்ணை மூடி 621 கூட்டுகிறவர் ஒரு வயதைக் கூட்டிவிடுவார்.

பெயரும் வம்புதான். குறில் உயிர்களை எழுதமாட்டார்கள். ஒரே எழுத்தை மொஹ்சென் என்றும் மொஹ்சின் என்றும் படிக்கலாம். பாஸ்போர்ட் நகலைச் சேர்த்தே கொடுங்கள், அந்த ஸ்பெல்லிங்தான் வரணும்.

சம்பளக் கடிதம் இருந்தால் தொகை ரியாலா தோமானா என்று பார்க்கணும். 10 ரியால் ஒரு தோமான். பேச்சில் தோமான், பத்திரத்தில் ரியால். ஒரு சைபர் காணாமல் போவது இங்கேதான்.

பழைய_ஜுருபஹாசா:
கிளினிக்குக்குக் கணவரையே பேசவிடாதீர்கள். மனைவி நாலு வாக்கியம் சொல்ல, அவர் "வலியாம்" என்று முடித்துவிடுவார். சில விஷயத்தை அவர் எதிரில் அந்தம்மா சொல்லவும் மாட்டார். பெண் மொழிபெயர்ப்பாளர் நல்லது, ஈப்போவில் கிடைக்காவிட்டால் போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசலாம். மருந்துப் பெயர்களை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். பேச்சு இரண்டு தடவை நடக்கும், 15 நிமிடச் சந்திப்புக்கு அரை மணி கேளுங்கள்.

கிராணி_சிப்புட்:
நன்றிண்ணே. சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று கொடுத்தார். முதல் பக்கம் மட்டும் கொடுத்தால் போதுமா? கடைசிப் பக்கத்தில் ஏதேதோ முத்திரை.

மூன்றாம்_மைல்:
அது ஷெனாஸ்நாமே, அடையாளப் புத்தகம். முழுதும் கொடுங்கள். திருமணம், மணவிலக்கு, பிள்ளைகள் எல்லாம் உள்பக்கத்தில். காலிப் பக்கத்துக்கும் 'பதிவு இல்லை' என்று எழுதணும். கடைசியில் இருப்பது ஓட்டுப் போட்ட முத்திரை. 'தேர்தல் முத்திரைகள்' என்று ஒரு வரி போதும்.