டெட்ராய்ட் லயன்ஸ் 2024: கவிழ்த்தது காயமா, நம் ஆட்டமா?

(அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடும் டெட்ராய்ட் லயன்ஸின் ரசிகர்கள் நால்வர், 2025 ஜனவரி இறுதியில் புனைபெயர்களில் பேசியது.)

ஹோனலூலு நீலம்:

வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 45-31 என்று தோற்று பிளேஆஃபிலிருந்து (கோப்பைக்கான நாக் அவுட் சுற்று) வெளியேறி ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் நம் அஃபென்ஸ் (தாக்கி ஆடும் பிரிவு) பயிற்சியாளர் பென் ஜான்சன் சிகாகோவுக்கும், டிஃபென்ஸ் (தடுத்து ஆடும் பிரிவு) பயிற்சியாளர் ஏரன் க்ளென் நியூயார்க் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போய்விட்டார்கள். எங்கே திரும்பினாலும் "லயன்ஸ் பெரிய ஆட்டத்தில் சொதப்பிவிட்டது" என்றுதான் பேச்சு. இந்த அணி சொதப்பவில்லை, ஆள் இல்லாமல் தோற்றது என்பது என் கட்சி.

செப்டம்பரில் அரிசோனா ஆட்டத்திலேயே மார்கஸ் டேவன்போர்ட்டும் டெரிக் பார்ன்ஸும் காயத்தில் போனார்கள். அக்டோபர் 13 அன்று டல்லாஸில் ஏடன் ஹட்சின்சன். 5 ஆட்டங்களில் 7.5 சாக் (எறிபவரை, எறியும் முன்பே வீழ்த்துவது) எடுத்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த பையன். டல்லாஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) டாக் பிரெஸ்காட்டைப் பிடித்துச் சுழற்றும்போது இடது கால் போய் மோதியதில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. அன்று இரவே அங்கேயே அறுவை சிகிச்சை. 47-9 என்று ஜெயித்தோம், ஆனால் அந்த வெற்றியை யாராவது கொண்டாடினார்களா?

அதோடு நின்றதா? நவம்பரில் அலெக்ஸ் அன்சலோனுக்கு முன்கை முறிவு. நன்றி நாள் (தாங்க்ஸ்கிவிங்) ஆட்டத்தில் மால்கம் ரோட்ரிகஸுக்கு முழங்கால் தசைநாரான ஏசிஎல் கிழிந்தது. டிசம்பர் 15, பஃபலோவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் அலீம் மெக்நீலுக்கு ஏசிஎல், கார்ல்டன் டேவிஸுக்குத் தாடை, கலீல் டோர்சிக்குக் கால். கடைசியில் பிளேஆஃபின் ஆரம்பத்திலேயே அமிக் ராபர்ட்சனின் கை. காயப் பட்டியலில் டிஃபென்ஸ் ஆட்கள் மட்டுமே பத்துக்கும் மேல். இதை வைத்துக்கொண்டு எந்த அணி கோப்பை ஜெயிக்கும், சொல்லுங்கள்.

நான்காம் டவுன்:

நண்பரே, பட்டியல் சரி. ஆனால் அதில் இருப்பவர்கள் எல்லோருமே டிஃபென்ஸ். அன்று நம்மைத் தோற்கடித்தது அஃபென்ஸ்.

நம் அணி அன்று 521 யார்டு எடுத்தது, வாஷிங்டன் 481. அதாவது பந்தை நகர்த்தியதில் நாம்தான் மேலே. அப்புறம் எப்படி 14 புள்ளியில் தோற்றோம்? பந்தை ஐந்து முறை எதிராளி கையில் கொடுத்தோம். நம் குவார்ட்டர்பேக் ஜேரட் காஃப் மூன்று இன்டர்செப்ஷன் (எறிந்ததை எதிராளி பிடிப்பது), ஒரு ஃபம்பிள் (கையிலிருந்து நழுவவிடுவது). வாஷிங்டனின் குவான் மார்ட்டின் பறித்த பந்து நேராக டச் டவுன் (எல்லைக்குள் கொண்டுபோனால் 6 புள்ளி). இடைவேளைக்குச் சற்று முன் எண்ட் சோனுக்குள் (களத்தின் கடைசிப் பகுதி) காஃப் எறிந்ததை மைக் செயின்ரிஸ்டில் பிடித்தார். நான்காம் குவார்ட்டரில் பத்து புள்ளி பின்தங்கி இருக்கும்போது ஜேம்சன் வில்லியம்ஸ் என்ற ரிசீவர் (எறிந்ததைப் பிடிப்பவர்) கையில் பந்தைக் கொடுத்து எறியச் சொன்னார்கள். அதையும் செயின்ரிஸ்டிலே பிடித்தார். இதில் ஹட்சின்சனின் கால் எங்கே வருகிறது?

இன்னொன்று. ஜனவரி 5 அன்று இதே அடிபட்ட டிஃபென்ஸ்தான் 14 வெற்றியோடு வந்த மின்னசோட்டாவை ஒரு டச் டவுன்கூட அடிக்க விடாமல் மூன்று ஃபீல்டு கோலோடு (உதைத்து எடுக்கும் 3 புள்ளி) நிறுத்தியது. 31-9. காயம்தான் காரணம் என்றால் அந்த இரவு எப்படி நடந்தது?

ஹோனலூலு நீலம்:

மின்னசோட்டா ஆட்டத்தை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அன்று க்ளென் என்ன செய்தார்? பிளிட்ஸுக்கு மேல் பிளிட்ஸ். நான்கு பேரை வைத்து குவார்ட்டர்பேக்கை நெருங்க முடியாதபோது ஐந்து, ஆறு பேரை அனுப்புவது. பின்னால் ரிசீவர்களைக் காக்கும் கார்னர்கள் தனித்தனியாக மாட்டிக்கொள்வார்கள், ஆனால் எறிபவனுக்கு நேரம் இருக்காது. அவர்கள் குவார்ட்டர்பேக் சாம் டார்னோல்ட் பதறிப்போய் ஆள் நிற்கும் இடத்தையே தவறவிட்டார். ஹட்சின்சன் போன பிறகு சீசன் முழுக்க க்ளென் ஓட்டியது இந்த வழியில்தான். க்ளீவ்லாந்திலிருந்து சாடேரியஸ் ஸ்மித்தை வாங்கிவந்தும் போதவில்லை.

வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் வேறு மாதிரி. அறிமுக வீரர்தான், ஆனால் ஆறு பேர் பாய்ந்து வந்தாலும் கண்ணைக் கீழே இறக்க மாட்டார். ஒரு எட்டு ஒதுங்குவார், காலியாக இருப்பவனைப் பார்ப்பார், இல்லையென்றால் ஓடிவிடுவார். 299 யார்டு, 2 டச் டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. அப்படிப்பட்டவனை அடக்க பிளிட்ஸ் இல்லாமலே உள்ளே புகுந்து வரும் முன்வரிசை வேண்டும். ஓரத்தில் ஹட்சின்சன், நடுவில் மெக்நீல். இரண்டு பேருமே இல்லை.

நோவை அக்கா:

நீங்கள் இருவரும் காயம் என்பதை ஏதோ மழை வெயில் போலப் பேசுகிறீர்கள். ஏன் இவ்வளவு காயம் என்று யாரும் கேட்கவில்லை. நம் அரங்கமான ஃபோர்டு ஃபீல்டு செயற்கைத் தரை, டல்லாஸ் அரங்கமும் அப்படியே. இயற்கைப் புல் வேண்டும் என்று வீரர்கள் சங்கம் எத்தனை வருடமாகக் கேட்கிறது? 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அதே டல்லாஸ் அரங்கில் புல் விரிக்கப் போகிறார்கள். கால்பந்துக்காரர்களுக்கு முடிகிறது, சொந்த வீரர்களுக்கு முடியாதா? எனக்கு இது ஆற்றமாட்டாத கோபம்.

அதோடு ஒரு சீசனுக்கு 17 ஆட்டம். நடுவில் வியாழக்கிழமை ஆட்டங்கள் வேறு. உடம்பு என்ன இரும்பா?

நான்காம் டவுன்:

அக்கா, புல் வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் இந்த சீசனின் கணக்கை அதில் எழுத முடியாது. ஹட்சின்சனின் கால் மோதியது மெக்நீலின் காலில், சொந்த அணிக்காரன் கால். கார்ல்டன் டேவிஸின் தாடை, அன்சலோனின் முன்கை, ராபர்ட்சனின் கை எல்லாம் மோதலில் முறிந்தவை. புல்லில் ஆடியிருந்தாலும் முறிந்திருக்கும். மெக்நீல், ரோட்ரிகஸ் முழங்கால் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

நான் கேட்பது நம் தலைமைப் பயிற்சியாளர் டேன் கேம்ப்பெல்லைப் பற்றி. பஃபலோ ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 38-28 என்று பின்னால் இருக்கிறோம், இன்னும் 12 நிமிடம் இருக்கிறது. பந்தைத் தொலைவுக்கு உதைக்காமல், நாமே திரும்பப் பிடிக்கலாம் என்று ஆன்சைடு கிக் போட்டார். பஃபலோக்காரன் பந்தைப் பிடித்து நம் 5 யார்டு கோடு வரை ஓடிவிட்டான். உடனே டச் டவுன். கடைசியில் 48-42. காஃப் அன்று 494 யார்டும் 5 டச் டவுனும் எறிந்தும் தோற்றோம். டிஃபென்ஸ் பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் காப்பாற்றுவதுபோல ஆட வேண்டாமா? கேம்ப்பெல் அதைப் பள்ளத்தில் நிறுத்திவிட்டு "தடு" என்றார்.

ஐம்பத்தேழு:

தம்பிகளா, கொஞ்சம் பொறுங்கள். நான் 2008ல் 16 ஆட்டமும் தோற்றதைப் பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வீட்டில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். கடைசியாக இந்த அணி லீக் கோப்பையைத் தூக்கியது 1957ல். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. 2024 ஜனவரியில் ராம்ஸை 24-23 என்று ஜெயிக்கும்வரை 32 வருடம் ஒரு பிளேஆஃப் வெற்றிகூடக் கிடையாது.

அந்த அணி இந்த வருடம் என்ன செய்தது? 15 வெற்றி, வரலாற்றில் அதிகம். தொடர்ந்து 11 வெற்றி, அதுவும் வரலாறு. லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான என்.எஃப்.சி.யில் முதலிடம், முதல் முறை. ஜாக்சன்வில்லை 52-6 என்று அடித்தது அணியின் மிகப் பெரிய வெற்றி. 564 புள்ளி, லீக்கிலேயே அதிகம். 2016க்குப் பிறகு நன்றி நாளில் முதல் வெற்றி. சியாட்டிலுக்கு எதிராக காஃப் 18 முறை எறிந்து 18ம் சேர்ந்தது. ஒன்றுகூடத் தவறாமல் இத்தனை முறை எறிந்தவர் லீக்கிலேயே கிடையாது. போதாததற்கு அதே ஆட்டத்தில் ஏமன்-ரா செயின்ட் பிரவுன் எறிய, காஃப் ஒரு டச் டவுனைப் பிடிக்கவும் செய்தார்.

எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது ஹூஸ்டன் ஆட்டம். காஃப் ஐந்து இன்டர்செப்ஷன் கொடுத்துவிட்டார், இடைவேளையில் 23-7 என்று பின்னால். அங்கிருந்து ஏறி வந்து ஜேக் பேட்ஸ் 58 யார்டில் ஒரு ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தார். அப்புறம் நேரம் முடியும் நொடியில் 52 யார்டில் இன்னொன்று. பந்து இடது கம்பத்தை உரசுவதுபோலப் போய் உள்ளே விழுந்தது. அந்தப் பையன் சில காலம் முன்புவரை அதே ஹூஸ்டனில் செங்கல் விற்றவன். இப்படி ஒரு வருடத்தை ஒரே இரவை வைத்து எடைபோடாதீர்கள்.

நான்காம் டவுன் தம்பி, கேம்ப்பெல் அப்படி ஆடாவிட்டால் இந்த 15 வெற்றியும் இல்லை. டிசம்பர் 5, க்ரீன் பே. 31-31, ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நான்காம் டவுன் (பத்து யார்டு நகர்த்தக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசி), ஒரு யார்டு வேண்டும். மற்ற எந்தப் பயிற்சியாளராக இருந்தாலும் ஃபீல்டு கோல் அடித்துவிட்டு, மிச்ச நேரத்தை க்ரீன் பேயிடம் கொடுத்திருப்பார். இவர் பந்தோடு ஓடும் டேவிட் மான்ட்கோமரி கையில் பந்தைக் கொடுத்தார். 7 யார்டு. கடிகாரத்தை ஓடவிட்டு கடைசி நொடியில் ஃபீல்டு கோல், 34-31. அந்த டிஃபென்ஸைக் களத்துக்கே வரவிடாமல் காப்பாற்றியது அந்த முடிவுதான். நீங்கள் கேட்ட காப்பாற்றல் இதுதானே?

நான்காம் டவுன்:

ஐயா, க்ரீன் பே முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு யார்டு, லீக்கின் சிறந்த முன்வரிசை, கணக்கு நம் பக்கம். ஆன்சைடு கிக்கில் அந்தக் கணக்கு இல்லை. துணிச்சலுக்கும் அவசரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. வில்லியம்ஸை எறியச் சொன்னதும் அவசரம்தான். அந்தத் திட்டத்தைப் போட்ட பென் ஜான்சனும் அதற்குப் பொறுப்பு.

காயம் பற்றிக் கேட்கிறேன். 2017ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸையே டிசம்பரில் இழந்தது. ஜேசன் பீட்டர்ஸ், டேரன் ஸ்ப்ரோல்ஸ், ஜோர்டன் ஹிக்ஸ் எல்லாம் போயிருந்தார்கள். மாற்று வீரர் நிக் ஃபோல்ஸை வைத்து பேட்ரியட்ஸை 41-33 என்று ஜெயித்து சூப்பர் பவுல் எடுத்தார்கள். அவர்களுக்கு முடிந்தது.

ஹோனலூலு நீலம்:

ஈகிள்ஸ் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அவர்களுக்கு ஒரு இடத்தில் ஒருவர் என்று பரவலாகப் போனது. டிஃபென்ஸின் முன்வரிசை அப்படியே இருந்தது. ஃப்ளெட்சர் காக்ஸ், பிராண்டன் கிரஹாம் எல்லோரும் களத்தில். அந்த சூப்பர் பவுலைத் தீர்த்ததே கடைசி நேரத்தில் கிரஹாம் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டதுதான். நமக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டிய ஹட்சின்சன் அன்று களத்திலேயே இல்லை.

நோவை அக்கா:

மான்ட்கோமரியை மறந்துவிட்டீர்கள். சீசன் முடிந்தது என்று சொல்லப்பட்டவர், இன்னொரு மருத்துவக் கருத்தைக் கேட்டு அறுவை சிகிச்சையைத் தவிர்த்துப் பயிற்சியிலேயே தேறி ஒரு மாதத்தில் திரும்பினார். அன்சலோனும் மின்னசோட்டா ஆட்டத்துக்கு வந்துவிட்டார். பிளேஆஃபில் ஆடியவர்களில் எத்தனை பேர் முழு உடம்போடு ஆடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? காஃப்கூட அந்த இன்டர்செப்ஷனுக்குப் பிறகு வாங்கிய அடியில் தலைக் காயச் சோதனைக்குப் போய்த்தான் திரும்பினார்.

நான்காம் டவுன்:

அக்கா, அவர்கள் வலியோடு ஆடியதை நான் மதிக்கிறேன். ஆனால் நான்காம் டவுனில் 11 பேருக்குப் பதில் 12 பேர் களத்தில் நின்று பெனால்டி வாங்கி, எதிராளிக்குப் புதிதாக ஒரு வாய்ப்பைக் கொடுத்தது உடம்புப் பிரச்சினை இல்லை. ஒழுங்குப் பிரச்சினை. அதிலிருந்துதான் 31-28 என்று இருந்தது 38-28 ஆனது. அதற்கு அடுத்துத்தான் வில்லியம்ஸ் எறிந்தது. ஆட்டம் அந்த இடத்தில் போனது.

ஹோனலூலு நீலம்:

அந்த 12 பேர் ஏன் நின்றார்கள்? நவம்பரில் வந்தவன், டிசம்பரில் வந்தவன் எல்லாம் கலந்து நிற்கும் டிஃபென்ஸ். யார் உள்ளே, யார் வெளியே என்ற பழக்கமே வரவில்லை. வில்லியம்ஸ் எறிந்ததைத் திட்டுகிறீர்கள், நானும் திட்டினேன். ஆனால் ஹட்சின்சனும் மெக்நீலும் இருந்திருந்தால் டேனியல்ஸுக்கு இரண்டாம் குவார்ட்டரில் அவ்வளவு சாவகாசம் கிடைத்திருக்காது. நாம் துரத்தும் நிலைமையே வந்திருக்காது. முன்னால் இருக்கும் அணி பந்தோடு ஓடும் கிப்ஸையும் மான்ட்கோமரியையும் ஓடவிட்டுக் கடிகாரத்தைத் தின்னும், ரிசீவரை எறியச் சொல்லாது.