ஃபாயில் மேல் கேவிட்டேஷன் படலம் உடையவே மாட்டேன் என்கிறது

வேளச்சேரிவாசி:
எம்.இ. ப்ராஜெக்ட்டுக்காக கிளார்க்-ஒய் ஹைட்ரோஃபாயிலை (தண்ணீருக்குள் வைக்கும் இறக்கை வடிவத் தகடு) ஓபன்ஃபோம் என்ற பாய்வுக் கணிப்பு மென்பொருளில் ஓட்டுகிறேன். அழுத்தம் குறைந்து தண்ணீர் ஆவியாகும் கேவிட்டேஷனைத்தான் பார்க்கிறேன். நாண் நீளம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 70 மி.மீ., தாக்குகோணம் 8 டிகிரி, நீரின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், கேவிட்டேஷன் எண் (குறையக் குறைய ஆவியாவது எளிது) 0.8. ஆவியாதலுக்கு ஷ்னெர்-சாவர் மாடல், கொந்தளிப்புக்கு கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. முதல் வாரம் அவுட்லெட் அழுத்தத்தைப் பூஜ்யம் என்று கொடுத்துவிட்டு, நீர் ஓடும் டனல் முழுக்க ஆவியாகிறதே என்று விழித்தேன். அந்தக் கதை வேண்டாம். இப்போது மேல்பக்கம் படலம் அழகாக உருவாகிறது, அப்புறம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சோதனைப் படங்களில் அது பிய்ந்து மேகமாகப் போகிறது. மெஷ்ஷை (கணக்குப் போடும் கட்ட வலையை) இரண்டு முறை பொடியாக்கியாயிற்று. லேப்டாப் கத்துகிற கத்தலில் ரூம்மேட் மொட்டைமாடியில் தூங்குகிறான்.

சுழல்நீர்:
தம்பி, மெஷ்மேல் பழி போடாதீர்கள். படலத்தை உடைப்பது அதன் வாலிலிருந்து ஃபாயிலை ஒட்டியே முன்னால் ஓடிவரும் மெல்லிய நீர்த்தாரை. ஆவியும் நீரும் கலந்த இடத்தில் உங்கள் கே-ஒமேகா மாடல் டர்புலன்ட் விஸ்காசிட்டியை (கொந்தளிப்பால் கூடும் பிசுபிசுப்பை) கன்னாபின்னாவென்று கூட்டிவிடும். தாரை பாதி வழியிலேயே செத்துவிடும். அந்த விஸ்காசிட்டியைக் குறைக்கும் ரெபூ திருத்தத்தைப் போடுங்கள், அதன் சூத்திரத்தில் அடுக்கு 10. பாதி ஆவி, பாதி நீர் இருக்கும் மெஷ் கட்டத்தில் விஸ்காசிட்டி கிட்டத்தட்ட 500-ல் ஒரு பங்காக இறங்கும். சுத்த நீரில் ஒன்றும் மாறாது. இது இயற்பியலில் இருந்து பிறந்ததல்ல, ஒட்டுப்போடும் வேலைதான். ஆனால் வேலை செய்யும்.

காசிமேட்டான்:
ஆவி அழுத்தம் (தண்ணீர் ஆவியாகத் தொடங்கும் அழுத்தம்) 2,300 பாஸ்கல் என்றே விட்டிருக்கிறீர்களா? அது 20 டிகிரி தண்ணீருக்கு. நம்ம ஊர் 30 டிகிரியில் சுமார் 4,250. அவுட்லெட்டை மாற்றாமல் அதை மட்டும் மாற்றினால் உங்கள் 0.8, 0.76 ஆகிவிடும். எந்தச் சோதனையோடு ஒப்பிடுகிறீர்களோ அதன் வெப்பநிலையைப் பாருங்கள்.
இன்னொன்று. அப்பா விசைப்படகு ப்ரொப்பெல்லருக்கு வெல்டிங் வைப்பவர். கரையேற்றிய படகில் பிளேடைத் தடவினால் புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி குழிகள். குமிழி பிறக்கிற இடத்தில் குழி விழாது, நசுங்குகிற இடத்தில்தான் விழும். படலம் உடையாத மாடலை நம்பினால் அந்த இடத்தைத் தப்பாகத்தான் சொல்லும்.

வேளச்சேரிவாசி:
அண்ணா, திருத்தத்தைச் சேர்த்து ஓட்டினேன். நேற்று ராத்திரி 2 மணிக்குத் தாரை முன்விளிம்பு வரைக்கும் போய், படலத்தின் பின்பாதி பிய்ந்து உருண்டு போனது! படலம் பிய்கிற அதிர்வெண் பார்க்க இன்னும் சில சுற்று ஓட வேண்டும். ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா எழுப்பினே" என்றான்.