கோடை லீவில் முதியோர் ஆராய்ச்சி: எல்லைப்பக்கத்திலிருந்து போன பிள்ளைகளுக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து இளங்கலை படிக்க வெளிநாடு போயிருக்கும் பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அக்கா, கோடை லீவில் முதியோர் நலம் சம்பந்தமாக ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்குமா?" தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கிடைக்கும். ஆனால் கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் பெரிய திட்டங்களில் பாதி உங்களுக்கு ஆகாது. அமெரிக்காவில் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 1974 முதல் இருக்கிறது. அது என்.ஐ.எச். என்ற அரசு மருத்துவ ஆய்வு அமைப்பின் குடையின் கீழ் வருவது. அங்கே கோடைப் பயிற்சிக்குச் சேர குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அமெரிக்க அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.எஃப். பணம் கொடுக்கும் ஆர்.ஈ.யூ. என்ற இளங்கலை ஆராய்ச்சி இடங்களுக்கும் அதே விதி. கனடாவின் அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.இ.ஆர்.சி. தரும் இளங்கலை ஆராய்ச்சி உதவித்தொகையும் ஸ்டடி பெர்மிட்டில் இருப்பவர்களுக்குக் கிடையாது. மிட்டாக்ஸ் குளோபலிங்க் பயிற்சி, கனடாவுக்கு வெளியே படிப்பவர்களைக் கூட்டிவரும் திட்டம். அங்கேயே சேர்ந்துவிட்ட பிள்ளைகள் அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தகுதி என்ற பத்தியை முதலில் படியுங்கள். விண்ணப்பக் கட்டுரை எழுதுவது அப்புறம்.

உங்களுக்குத் திறக்கும் கதவு பெரும்பாலும் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1-ல் வளாகத்துக்குள் வேலை என்றால் படிப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம், லீவில் முழு நேரம். வெளியே ஒரு ஆஸ்பத்திரியிலோ ஆய்வகத்திலோ என்றால் சி.பி.டி. என்ற பயிற்சி அனுமதி வேண்டும், அதற்குப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், வேலையும் பாடத்திட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு டெர்மில் வாரம் 20 மணி, கோடை லீவில் முழு நேரம். முதுகலைக்குப் போன அண்ணன்மார் கணக்கை இதில் சேர்க்காதீர்கள், அவர்களுக்குக் கோடை என்பது டிஸர்டேஷன் காலம். பிரிட்டனில் பல கோடை ஆராய்ச்சி நிதிகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஒரு ஆசிரியரைப் பிடிப்பதுதான் முதல் வேலை. ஆஸ்திரேலியாவில் கோடையே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. காலண்டரை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதியோர் மருத்துவத் துறையில் மட்டும் தேடாதீர்கள். பிசியோதெரபி, உணவியல், உளவியல், புள்ளியியல், மருந்தியல் எல்லாவற்றிலும் முதுமையை ஆராய்கிறவர்கள் இருப்பார்கள். உயிரியல் ஆய்வகம் என்றால் சி. எலிகன்ஸ் என்ற குட்டிப் புழு. அதன் ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான், ஒரு லீவுக்குள் பிறப்பிலிருந்து சாவு வரை பார்த்துவிடலாம். ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் வந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று 1993-ல் சிந்தியா கென்யன் என்ற விஞ்ஞானியின் குழு காட்டிய பிறகுதான் இந்தத் துறை சூடு பிடித்தது.

ஆட்களோடு வேலை செய்வது வேறு மாதிரி. கைப்பிடி பலம் அளப்பது, நாலு மீட்டர் நடக்கவிட்டு நேரம் குறிப்பது, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் போய்த் திரும்பி உட்காரச் சொல்வது, ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் பார்க்கும் மோகா என்ற 30 மதிப்பெண் பரிசோதனை. 2001-ல் லிண்டா ஃபிரைட் என்ற ஆய்வாளரின் குழு முதுமைத் தளர்நிலைக்கு (ஃப்ரெயில்டி) வகுத்த ஐந்து அறிகுறிகளை (காரணமில்லாமல் எடை குறைவு, அசதி, பலவீனம், மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு) போவதற்கு முன்பே படித்துவிடுங்கள்; மூன்று இருந்தால் தளர்நிலை என்று கணக்கு. இந்த மாதிரி இடங்களில் போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள். பிரிட்டனில் அது டி.பி.எஸ்.; அதோடு இந்தியாவிலிருந்தும் நன்னடத்தைச் சான்று கேட்கக்கூடும். அது ஊரில் போலீஸ் விசாரணை முடிந்து வருவதற்கு நாளாகும், இடம் உறுதியான அன்றே ஆரம்பியுங்கள்.

இப்போது, இடம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மெயில் விஷயம். எனக்கு வரும் மாதிரிக் கடிதங்களில் முக்கால்வாசி "எனக்கு என் அம்முச்சி மேல் உயிர்" என்று தொடங்குகின்றன. பேராசிரியருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எல்லையில் வளர்ந்ததால் நீங்கள் பார்த்திருப்பதை எழுதுங்கள். கேரளம் 2008-லேயே வலி நிவாரணப் பராமரிப்புக்கு அரசுக் கொள்கை கொண்டுவந்தது. பஞ்சாயத்து நர்ஸ் படுக்கையில் கிடக்கும் அப்பாருவை வீட்டுக்கே வந்து பார்க்கிறார். செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்: பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், பெரிய ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில் என்று வாழும் முதியவருடைய மருத்துவச் சீட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருக்கும். அந்தப் பையை நேரில் பார்த்தவர் எழுதும் நாலு வரிக்கு மதிப்பு அதிகம். 2011 கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் கேரளத்தில் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, நாடு முழுக்க 8.6. இந்த எண்களும் கூடவே போகட்டும். பேராசிரியருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து ஒரு உருப்படியான கேள்வி கேளுங்கள். அக்டோபர், நவம்பரிலேயே எழுதுங்கள். பல இடங்களில் ஜனவரி, பிப்ரவரியோடு கடை மூடிவிடும்.

ஆள் தொடர்பே வேண்டாம், கணினி போதும் என்கிறவர்களுக்கு லாசி என்ற முதுமை ஆய்வுத் தரவு இருக்கிறது. 2017-18-ல் இந்தியா முழுக்க 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு. மும்பையில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.பி.எஸ். வழியாக விண்ணப்பித்தால் தரவு கிடைக்கும். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் மூன்றையும் ஒப்பிட ஒரு யோசனையோடு போனால் பேராசிரியருக்குச் சுமையாக இருக்க மாட்டீர்கள்.

ஒரு தம்பி, சம்பளம் இல்லாமல் சேரலாமா என்று கேட்டிருந்தார். சும்மா செய்தாலும் விசா சட்டம் அதை வேலையாகப் பார்க்கலாம், இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை என்பதும் உண்மை. எட்டு வார வாடகையை அப்பா ஊரிலிருந்து அனுப்பித்தான் ஒருவர் ஆராய்ச்சி கற்க வேண்டுமா? அமெரிக்காவில் சம்பளம் வந்தால் வரிப் படிவம் போடும்போது இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவைப் பாருங்கள், இந்திய மாணவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற நிலையான வரிக்கழிவு உண்டு.

வீட்டில் "லீவுக்கு ஊருக்கு வராமலா?" என்பார்கள். வேலை பெரும்பாலும் எட்டு முதல் பத்து வாரம், லீவு அதைவிட நீளம். வேலைத் தேதி உறுதியான பிறகு டிக்கெட் போடுங்கள். எஃப்-1 பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.